முறிந்த முதுகும் ரோபோவின் கையும்

சித்தப்பா தென்னையிலிருந்து விழுந்தபோது காலை எட்டரை மணி இருக்கும். ஆனைமலைப் பக்கம் சொந்தத் தோப்பு; முப்பது வருஷமாக அவரே ஏறி இறங்கிய மரங்கள். முந்தின ராத்திரி பெய்த மழையில் மரம் வழுவழுத்துக் கிடந்திருக்கிறது. பாதி இறங்கியவர் இருபதடி உயரத்தில் பிடி விட்டு, வரப்பின் மேல் குதிகால் இரண்டும் மோத நேராக வந்து விழுந்தார். தலையில் அடியில்லை. ரத்தம் இல்லை. நினைவு தெளிவாக இருந்தது. பார்த்தவர்கள் குலதெய்வம் காப்பாற்றிவிட்டது என்றே சொன்னார்கள்.

பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் ஓடிவந்தார்கள். ஒருவர் அக்குளில் கை கொடுத்தார், இன்னொருவர் முழங்காலுக்கு அடியில். காய் ஏற்ற வந்திருந்த டாடா ஏஸ் வண்டியின் பின்னால் தூக்கி உட்காரவைத்துக் கொண்டுபோனார்கள். அவர்கள் அன்பில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்த இரண்டு நிமிஷத்தில் சித்தப்பாவின் உடம்பு இடுப்பில் மடங்கியிருக்கும் விதத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு அடிவயிறு கலங்குகிறது.

முதலில் போன மருத்துவமனையில் காலுக்கு மட்டும் எக்ஸ்ரே எடுத்தார்கள். வலது குதிகால் எலும்பு நொறுங்கியிருந்தது. மாவுக்கட்டுப் போட்டு, முதுகு வலிக்கு ஓர் ஊசியும் போட்டுப் படுக்கவைத்துவிட்டார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது இரவு ஏழு மணி. "வலிகூடப் பரவால்ல கண்ணு. தொடைக்குக் கீழ மரத்த மாதிரி இருக்குது. காலையிலிருந்து ஒண்ணுக்கும் வரல" என்றார். தொட்டுப் பார்த்தேன், அடிவயிறு கல்லாக இருந்தது. ட்யூட்டி டாக்டரைக் கூட்டிவந்து காட்டினேன். அவர் முகம் மாறியது. அதன் பிறகுதான் சி.டி., எம்.ஆர்.ஐ. எல்லாம். முதுகெலும்பில் 'எல்.ஒன்' எனப்படும் எலும்பு சிதறி, அதன் பின்பக்கத் துண்டு ஒன்று நரம்புகள் ஓடும் குழாய்க்குள் தள்ளிக்கொண்டு நின்றது.

உயரத்திலிருந்து விழுந்து குதிகால் உடைந்தவருக்கு முதுகையும் பார்த்தே ஆகவேண்டும் என்பது எலும்பு மருத்துவத்தில் அரிச்சுவடிப் பாடம். குதிகாலில் வாங்கிய அடி அங்கேயே நிற்பதில்லை; முழங்கால், இடுப்பு வழியாக ஏறி முதுகெலும்பில் போய் முட்டும். குதிகால் முறிந்தவர்களில் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு முதுகெலும்பும் முறிந்திருக்கும்.

மறுநாள் காலை கோவையில் வேறொரு பெரிய மருத்துவமனையின் வராந்தாவில் குடும்பமே நின்றுகொண்டிருந்தது. "மச்சான், இப்பெல்லாம் ரோபோ வெச்சுப் பண்றாங்களாமா. சின்ன ஓட்டைதானாம், மூணாம் நாளே நடக்கலாமாம். இவுங்க ஓப்பன்னு சொல்றாங்க. வேற பக்கம் கொண்டுபோயிரலாமா?" என்று தங்கச்சி மாப்பிள்ளை செல்போனை நீட்டினார். அறுவை மருத்துவர் வந்ததும் அதையே அவரிடமும் கேட்டோம். அவர் கோபப்படவில்லை. ஸ்கேன் படத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக் காட்டிச் சொன்னார்: "ரோபோ ஸ்க்ரூவுக்கு வழி காட்டுமுங்க. நரம்பு மேல உக்காந்திருக்கிற இந்த எலும்பை நான்தான் எடுக்கணும். அதுக்குத் திறந்துதான் ஆகணும்."

இந்த ஒரு பதிலின் முழு அர்த்தம் எனக்குப் பிடிபடப் பல மாதங்கள் ஆயின. ஆறு வருஷமாகப் பல மருத்துவர்களிடம் பேசி, ஆய்வுகளைத் தேடிப் படித்துத் தெரிந்துகொண்டதை, நாளைக்கு அதே போன்ற ஒரு வராந்தாவில் நிற்கப்போகிற யாருக்காவது பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

பூட்டு இருக்கும் இடம்

பிறக்கும்போது நம் முதுகெலும்பில் 33 எலும்புகள். கழுத்தில் 7, நெஞ்சில் 12, இடுப்பில் 5, அதற்குக் கீழே வளர வளர ஒட்டிப்போகிறவை. நெஞ்சுப் பகுதி விலா எலும்புகளோடு பிணைந்து விறைப்பாக இருக்கும். இடுப்புப் பகுதி நன்றாக வளையும். விறைப்பும் வளைவும் சந்திக்கும் இடம்தான் நெஞ்சின் கடைசி இரண்டு எலும்புகளும் இடுப்பின் முதல் இரண்டு எலும்புகளும். விழும்போது முறிவது பெரும்பாலும் இங்கேதான். நட்டுவைத்த கம்பத்தைப் பிடித்து ஆட்டினால் மண்ணோடு சேரும் இடத்தில் முறிவதுபோல.

தண்டுவடம் முடிவதும் எல்.ஒன், எல்.டூ அருகேதான். அதற்குக் கீழே தனித்தனி நரம்புகளாகப் பிரிந்து தொங்கும். தண்டுவடத்தின் அந்த நுனியில்தான் சிறுநீர், மலம் இரண்டையும் கட்டுப்படுத்தும் நரம்பு மையம் இருக்கிறது. எல்.ஒன் சிதறினால் காலைவிட முதலில் சிறுநீர்ப்பை காட்டிக்கொடுப்பது இதனால்தான். சித்தப்பா சொன்ன 'ஒண்ணுக்கு வரல' என்ற ஒரு சொல்லுக்குள் ஒரு முழு ஸ்கேன் அறிக்கை இருந்தது. காலையிலேயே யாராவது அதைக் கேட்டிருக்க வேண்டும்.

முறிவுகளை மருத்துவர்கள் மூன்று குடும்பமாகப் பிரிக்கிறார்கள். எலும்பு நசுங்கியது ஏ, பின்பக்கத் தசைநார்கள் அறுந்தது பி, எலும்புகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகிப்போனது சி. ஏ வகையிலேயே லேசாக ஆப்பு போல் நசுங்குவது ஒன்று, சித்தப்பாவுக்கு ஆனதுபோல வெடித்துச் சிதறுவது இன்னொன்று. எந்த வகை, நரம்பு தப்பித்ததா, பின்பக்கக் கட்டுகள் அறுந்தனவா என்ற மூன்றையும் வைத்துத்தான் சிகிச்சை முடிவாகிறது. ரோபோவா ஓப்பனா என்ற பேச்சு அதற்குப் பிறகுதான் வரவேண்டும்.

ஒன்றாகத் தெரியும் இரண்டு

வராந்தாவில் நாங்கள் ஒரே கேள்வி என்று நினைத்துக் கேட்டது உண்மையில் இரண்டு கேள்விகள். எவ்வளவு திறப்பது என்பது ஒன்று. ஸ்க்ரூ போடும் கைக்கு எது வழி காட்டுவது என்பது மற்றொன்று.

ஓப்பன் அறுவை சிகிச்சையில் முதுகின் நடுவே ஒரு சாண் நீளத்துக்குக் கீறி, தசைகளை எலும்பிலிருந்து உரித்து இரு பக்கமும் விலக்குவார்கள். ரத்தம் போகும். உரிக்கப்பட்ட தசை பழைய பலத்துக்கு வர மாதக்கணக்காகும், சில இழைகள் வராமலேயே போகும். ஆனால் எல்லாம் கண்ணெதிரே இருக்கும். நரம்பை அழுத்தும் துண்டை எடுக்கலாம், தண்டுவட உறையில் கிழிசல் இருந்தால் தைக்கலாம், இடம் பெயர்ந்த எலும்பை நேராக்கலாம்.

இன்னொரு வழி தோல் வழியாகவே போடுவது. ஒவ்வொரு ஸ்க்ரூவுக்கும் ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் கீறல் போதும். தசையை உரிக்காமல் விலக்கிக்கொண்டு குழாய் இறங்கும், ஸ்க்ரூக்களை இணைக்கும் ராடும் தோலுக்கு அடியிலேயே நுழையும். ஓப்பனுக்கு எதிர்ப்பதம் இதுதான். ரோபோ இல்லாமலும் இதைச் செய்யலாம்; இருபது வருஷத்துக்கும் மேலாகச் செய்துவருகிறார்கள். அறுவை அரங்கில் 'சி-ஆர்ம்' என்ற நகரும் எக்ஸ்ரே கருவியை வைத்துப் படம் எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டே ஸ்க்ரூவை இறக்குவார்கள். மறுபக்கம், முழுக்கத் திறந்த முதுகிலும் ரோபோவைப் பயன்படுத்தலாம்.

விளம்பரப் பலகைகள் 'சிறு கீறல்', 'குறைந்த ரத்த இழப்பு', 'சீக்கிரம் வீடு திரும்பலாம்' என்று ரோபோவின் பெயரில் எழுதுவதில் பெரும்பகுதி சிறு கீறலுக்குச் சேரவேண்டிய பெருமை. முதுகெலும்பு முறிவில் ரோபோவையும் ஓப்பனையும் ஒப்பிட்ட ஆய்வுகளிலும் இந்தக் குழப்பம் உண்டு. அவற்றில் பலவும் ரோபோவோடு சேர்ந்த சிறு கீறலை ஒரு பக்கமும், ரோபோ இல்லாத பெரிய கீறலை மறுபக்கமும் வைக்கின்றன. ரத்த இழப்பும் முதல் சில நாள் வலியும் குறைந்தால், அதைச் செய்தது இயந்திரமா, கீறலா? இதைப் பிரித்துப் பார்க்காமல் ரோபோவுக்கு மாலை போடுவது சரியல்ல என்பது என் கருத்து.

கோணூசியின் நுனி

ரோபோ எதற்கு வந்தது என்று தெரிய, அந்த ஸ்க்ரூவைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கவேண்டும். ஒவ்வொரு முள்ளெலும்பின் முன்பக்க உருளையையும் பின்பக்க வளைவையும் இணைக்கும் இரண்டு எலும்புத் தூண்களுக்குப் பெடிக்கிள் என்று பெயர். பாரிஸில் ரேமோன் ருவா-கமீய் என்ற அறுவை மருத்துவர் 1963-இல் இந்தத் தூண்களின் வழியாக ஸ்க்ரூ இறக்கத் தொடங்கினார். இன்றைக்கு உலகம் முழுக்க முறிந்த முதுகைத் தாங்கி நிறுத்தும் முறையின் வேர் அது.

நெஞ்சின் நடுப்பகுதியில் இந்தத் தூணின் அகலம் நாலைந்து மில்லிமீட்டர்தான். இடுப்புக்கு வரவரக் கொஞ்சம் பருக்கும். அந்தப் பருத்த தூணுக்குள் ஐந்தரை, ஆறரை மில்லிமீட்டர் பருமனுள்ள ஸ்க்ரூ போகவேண்டும். உள்பக்கச் சுவருக்கு அந்தப்புறம் தண்டுவடம், கீழ்ச்சுவரை ஒட்டி நரம்பு வேர், முன்னால் போனால் பெரிய ரத்தக் குழாய்.

பழகிய மருத்துவர் கண்ணால் பார்ப்பதைவிடக் கையால்தான் அதிகம் அறிகிறார். கோணூசி போன்ற ஒரு கருவியை அழுத்தித் திருகி இறக்கும்போது, உள்ளே இருக்கும் பஞ்செலும்பு காய்ந்த ரொட்டியைக் குத்துவதுபோல நறநறவென்று ஒரே சீராக எதிர்க்கும். சட்டென்று எதிர்ப்பு விட்டுப்போனால் சுவர் உடைந்துவிட்டது என்று பொருள். பிறகு நுனி உருண்ட மெல்லிய கம்பி ஒன்றை அந்தத் துளைக்குள் விட்டு, நாலு சுவரும் அடித்தளமும் இருக்கின்றனவா என்று தடவிப் பார்ப்பார். குடத்துக்குள் கை விட்டுத் துழாவுவதுபோல. இதைச் சொல்லிக்கொடுத்த மருத்துவர் கண்களை மூடிக்கொண்டுதான் எனக்குச் செய்து காட்டினார்.

முதுகெலும்பு ரோபோ இந்த வேலைக்கு ஒரு பிடி தருகிறது. வயிறு, சிறுநீரக அறுவையில் மருத்துவர் தள்ளி அமர்ந்து இயக்கும் ரோபோ வேறு. சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனைக்கு 2022-இல் வந்தது அந்த வகை. முதுகு ரோபோவில் சி.டி. படத்தின் மேல் ஒவ்வொரு ஸ்க்ரூவின் பாதையையும் மருத்துவர் முதலில் திரையில் வரைகிறார். நோயாளியின் எலும்பில் ஒரு அடையாளச் சட்டத்தைப் பொருத்தி, படத்தையும் உடம்பையும் கணினி ஒன்றாகப் பொருத்திக்கொள்கிறது. பிறகு இயந்திரக் கை வந்து, வரைந்த கோணத்தில் ஒரு குழாயைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்கும். அந்தக் குழாய் வழியே துளையிடுவதும் ஸ்க்ரூ முடுக்குவதும் மனிதக் கைதான்.

இஸ்ரேலின் டெக்னியான் பல்கலைக்கழகப் பேராசிரியர் மோஷே ஷோஹாம் 2001-இல் இணைந்து தொடங்கிய மேசர் நிறுவனம்தான் இதை முதலில் சந்தைக்குக் கொண்டுவந்தது. குளிர்பான டப்பா அளவிலிருந்த அதன் கருவிக்கு அமெரிக்கா 2004-இல் அனுமதி கொடுத்தது. 2018-இல் மெட்ரானிக் நிறுவனம் மேசரை 160 கோடி டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியது. இதற்குள் குளோபஸ் நிறுவனத்தின் எக்செல்சியஸ், சீனாவின் டிரோபோ என்று போட்டியாளர்களும் வந்துவிட்டார்கள்.

அப்படியானால் ரோபோ துல்லியமா? 2012-இல் வெளியான ஜெர்மன் ஆய்வு ஒன்றைப் படித்தபோது எனக்கே வியப்பாக இருந்தது. 60 நோயாளிகள், 298 ஸ்க்ரூ, சீட்டுக் குலுக்கியதுபோல் பிரித்துச் செய்த ஒப்பீடு. கையால் போட்டவற்றில் 93 சதவீதம் நல்ல இடத்தில் இருந்தன. ரோபோ வழியாகப் போட்டவற்றில் 85 சதவீதம்தான். எலும்பின் சரிவில் குழாய் நுனி வழுக்கியதும், கருவியை உடம்போடு பொருத்திய விதம் பலவீனமாக இருந்ததும் காரணமாகக் கருதப்பட்டன. அது பழைய தலைமுறைக் கருவி. 2019-இல் பெய்ஜிங்கின் தியான் வெய் குழு டிரோபோவை வைத்து 234 நோயாளிகளிடம் செய்த ஆய்வில் முடிவு தலைகீழ்: எலும்புக்குள் முழுமையாக அமைந்த ஸ்க்ரூ ரோபோவில் 95.3 சதவீதம், கையில் 86.1. ஏழே வருஷத்தில் கருவிகள் அவ்வளவு முன்னேறியிருந்தன.

இந்த வரலாற்றில் கோவைக்கும் ஓர் இடம் உண்டு. கங்கா மருத்துவமனையின் எஸ்.ராஜசேகரன் குழு 2007-இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. வளைந்த முதுகுகளை நிமிர்த்தும் அறுவையில் 33 நோயாளிகளுக்கு 478 ஸ்க்ரூ. கணினி வழிகாட்டல் இல்லாமல் போட்டவற்றில் 23 சதவீதம் சுவரைத் தாண்டின. வழிகாட்டலோடு போட்டவற்றில் 2 சதவீதம். அங்கே ரோபோக் கை கிடையாது, படமும் கணினியும் மட்டும்தான். துல்லியத்தின் பெரும்பங்கு அந்த முப்பரிமாணப் படத்தில் இருக்கிறது, கை அதைப் பிடித்து நிறுத்துகிறது என்று நான் புரிந்துகொள்கிறேன்.

சுவரைத் தாண்டிய எல்லா ஸ்க்ரூவும் ஆபத்து செய்வதில்லை என்பதையும் சொல்லவேண்டும். இரண்டு மில்லிமீட்டர் வரை தாண்டினால் பெரும்பாலும் நோயாளிக்குத் தெரியவே தெரியாது.

யாருக்கு எது

நரம்பு தப்பித்து, எலும்பு மட்டும் சிதறி, நிலை குலைந்திருப்பவருக்குச் சிறு கீறல் வழி நல்லது என்பதில் எனக்குத் தயக்கம் இல்லை. அதை ரோபோவோடு செய்தால் இன்னும் ஒரு நன்மை. சி-ஆர்ம் வைத்துச் செய்யும்போது ஒவ்வொரு ஸ்க்ரூவுக்கும் பலமுறை எக்ஸ்ரே எடுக்கவேண்டும். நோயாளிக்கு அது ஒரு நாள். மருத்துவருக்கும் செவிலியருக்கும் டெக்னீஷியனுக்கும் வாரம் முழுக்க, வருஷம் முழுக்க. கனத்த ஈய அங்கிக்குள் வியர்வையோடு நிற்கும் அந்த மனிதர்களுக்குக் கதிர்வீச்சு குறைவதை ஒரு சிறிய லாபமாக நான் நினைக்கவில்லை.

பல காயங்களோடு வரும் விபத்து நோயாளிக்கும் இது உதவும். நெஞ்சிலும் தொடையிலும் அடிபட்டு ரத்தம் இழந்தவருக்கு முதுகிலும் ஒரு பெரிய கீறல் தாங்காது. எலும்பு தேய்ந்த முதியவர்களுக்கு வரும் நசுங்கல் முறிவோ தனிக் கதை, அங்கே எலும்பு சிமென்ட் செலுத்துவது வரை வேறு வழிகள் இருக்கின்றன.

ஆனால் முறிவுக்கென்றே ரோபோவுக்கு ஒரு சிக்கல் உண்டு. சி.டி. எடுத்தபோது மல்லாந்து கிடந்தவரை அறுவை மேசையில் குப்புறப் போடுகிறார்கள். முழு எலும்பு அதே இடத்தில் இருக்கும், உடைந்த எலும்பு நகரும். அடையாளச் சட்டத்தில் யாருடைய முழங்கையாவது லேசாக இடித்துவிட்டால் கணினியின் கணக்கு முழுதும் அந்த அளவுக்குத் தப்பும். திரையில் எல்லாம் சரியாகவே தெரியும். தெரிந்த ஓர் எலும்பு முனையை நடுநடுவே தொட்டுச் சரிபார்க்கும் மருத்துவர் அங்கே வேண்டும். இயந்திரம் நின்றுபோனால் கையாலேயே முடிக்கத் தெரிந்தவராகவும் இருக்கவேண்டும். ரோபோவில் கை பழக ஏறத்தாழ 30 அறுவைகள் ஆகும் என்று அமெரிக்க ஆய்வு ஒன்று கணக்கிட்டிருக்கிறது. "ரோபோ இருக்கா?" என்பதோடு, "இதில் நீங்க எத்தனை பேருக்குச் செஞ்சிருக்கீங்க, டாக்டர்?" என்றும் கேளுங்கள். நல்ல மருத்துவர் தவறாக நினைக்கமாட்டார்.

இன்னொரு கேள்வியையும் கேட்கவேண்டும்: ஆபரேஷன் தேவையா? நரம்பு பாதிக்காத, நிலை குலையாத சிதறல் முறிவுள்ள 47 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு அறுவையும் மறு பாதிக்குக் கட்டும் பெல்ட்டும் கொடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வு 2003-இல் வந்தது. பெரிய வித்தியாசம் இல்லை. 16 முதல் 22 வருஷம் கழித்து அவர்களையே தேடிப் பார்த்தபோது, அறுவை செய்யாதவர்களுக்கு வலி குறைவாகவும் நடமாட்டம் மேலாகவும் இருந்தது. பல கோடி ரூபாய்க் கருவி வாங்கிய இடத்தில் இந்தச் சிறிய ஆய்வும் நினைவில் இருக்கவேண்டும்.

சித்தப்பாவுக்கு இவை எதுவும் பொருந்தவில்லை. அன்று மதியமே திறந்தார்கள். நாலரை மணி நேரம். இரண்டு யூனிட் ரத்தம். எட்டு ஸ்க்ரூ, இரண்டு டைட்டானியம் ராடு, எல்லாம் கையால் போட்டவை. பின்பக்க எலும்பின் விரிசலில் தண்டுவட உறை சிக்கிக் கிழிந்து, அதன் வழியே இரண்டு நரம்பிழைகள் வெளியே பிதுங்கி எலும்பிடுக்கில் மாட்டிக்கொண்டிருந்தனவாம். அவற்றை ஒவ்வொன்றாக விடுவித்து, உள்ளே வைத்து, உறையைத் தைத்ததாக மருத்துவர் சொன்னார். "இதைத் தோல் வழியாப் பார்க்கவே முடிஞ்சிருக்காதுங்க." தங்கச்சி மாப்பிள்ளை அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டார்.

முன்னும் பின்னும்

அந்த மருத்துவரின் கை பிசகவில்லை. நாங்கள் இழந்தது அதற்கு முந்தின ஒரு பகலையும் இரவையும். கழுத்துப் பகுதித் தண்டுவடம் அடிபட்ட 313 பேரைப் பார்த்த வட அமெரிக்க ஆய்வு 2012-இல் வந்தது. 24 மணி நேரத்துக்குள் அழுத்தத்தை நீக்கியவர்களில் 19.8 சதவீதம் பேர் ஆறு மாதத்தில் நரம்புச் செயல்பாட்டை அளக்கும் அளவுகோலில் இரண்டு படியாவது மேலேறினார்கள், தாமதமானவர்களில் 8.8 சதவீதம்தான். கழுத்துக்கும் இடுப்புக்கும் கணக்கு அப்படியே பொருந்தாது, ஆனாலும் திசை அதுதான்.

தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம் முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றித் தருகிறது. அருமையான திட்டம். ஆனால் அது சாலை விபத்துக்கு. தென்னையிலும் பனையிலும் சாரத்திலும் இருந்து விழுகிறவர் அதற்குள் வரமாட்டார். முதுகெலும்பு முறிந்து நம் கிராமங்களிலிருந்து வருபவர்களில் எத்தனை பேர் இப்படி விழுந்தவர்கள் என்பது எலும்பு வார்டில் ஒரு நாள் நின்றாலே தெரியும். அவர்களையும் சேர்க்கவேண்டும் என்று அரசை உரிமையோடு கேட்கிறேன். மரம் ஏறுகிறவர்களுக்குத் தென்னை வளர்ச்சி வாரியத்தின் 'கேரா சுரக்ஷா' காப்பீடு இருப்பது சித்தப்பா ஊரில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

ஸ்க்ரூ எலும்பை நிறுத்தும், அவ்வளவுதான். நடக்கவைப்பது அதற்குப் பிந்தைய மாதங்கள். நாலு மாதம் சித்தப்பாவுக்கு நாலு மணி நேரத்துக்கு ஒரு முறை ட்யூப் விட்டுச் சிறுநீர் எடுக்கவேண்டியிருந்தது. சித்தி மூன்றே நாளில் அதைக் கற்றுக்கொண்டார். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்கவைக்க அலாரம் வைத்து எழுந்தார். அவர் முதுகில் ஒரு படுக்கைப் புண்கூட வரவில்லை. இந்த வேலைக்கு எந்த மருத்துவமனையும் பலகை வைப்பதில்லை.

இதன் அருமையைத் தமிழ்நாட்டுக்குக் காட்டியவர்கள் முதுகு முறிந்தவர்களே. வேலூர் சி.எம்.சி.யில் மருத்துவராக இருந்த மேரி வர்கீஸ் 1954-இல் வாகன விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். அவர் முயற்சியில் 1966-இல் வேலூரில் மறுவாழ்வு மையம் எழுந்தது. கடற்படைத் தேர்வின் உடற்திறன் சோதனையில் 1975-இல் விழுந்து கழுத்துக்குக் கீழே அசைவிழந்த எஸ்.ராமகிருஷ்ணன், 1981-இல் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். ரோபோ வாங்கும் ஒவ்வொரு ஊருக்கும் ஒரு வேலூரும் ஓர் ஆய்க்குடியும் வேண்டும்.

சித்தப்பா இப்போது ஊன்றுகோலோடு நடக்கிறார். வலது பாதம் கொஞ்சம் இழுக்கும். மரம் ஏற ஆள் வருகிறது. இவர் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருப்பார், ஆள் இறங்கும் வரை பேசமாட்டார். போன தை மாதம் போயிருந்தபோது மோட்டார் ரூம் சுவரில் ஆறடி நீளப் பலகை ஒன்று சாத்தியிருந்தது. பழைய கதவு. ஓரத்தில் நாலு இடத்தில் துளை போட்டுக் கயிறு கோத்திருந்தார்.

"இதெதுக்குங் சித்தப்பா?"

"எவனாவது விழுந்தா மடக்கித் தூக்கக்கூடாதல்ல கண்ணு. அசைக்காம, நாலு பேரு ஒண்ணாப் புரட்டி இதுல ஏத்திக் கட்டணும். நூத்தெட்டு வர்ற வரைக்கும் எந்திரிக்க விடக்கூடாது. பக்கத்துத் தோட்டத்துப் பசங்களுக்கெல்லாம் சொல்லி வெச்சிருக்கறேன். போன வாரம் என்னையவே படுக்க வெச்சு ஒருக்கா செஞ்சும் பார்த்துட்டாங்க."